கை படாத இடம்

இலவங்குறிச்சிப் பஞ்சு மில்லின் கடைசிச் சுவரையும் நாலுவழிச் சாலைக்காக இடித்துச் சாய்த்த மூன்றாம் நாள், மாசி வெயில் உச்சிக்கு ஏறி ஊரே கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்ணசந்திருந்த நேரத்தில், அந்த மில்லுக்குள் சாக்கு அடுக்குகளுக்கு நடுவிலும் ஓடாத எந்திரங்களின் வயிற்றுக்குள்ளும் இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாமல் குடியிருந்த சிலந்திகளெல்லாம் இடிபாட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து, ரேஷன் கடையைத் தாண்டி, சர்ச்சைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய், தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து, ஈசிசேரில் சாய்ந்திருந்த அவள் புருஷன் அருமைநாயகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள். நூற்று எண்பது பிள்ளைகளுக்குப் பரிமாறி, அண்டா கழுவிக் கவிழ்த்துவிட்டு, தூக்குவாளியில் மிச்ச சாம்பாரோடு வீட்டுக்கு வந்தவளுக்கு, புருஷன் கழுத்துவரை காப்பிப்பொடி நிறத்தில் ஒரு போர்வை போர்த்தியிருப்பதாகத்தான் முதலில் தெரிந்தது. இந்த வெயிலில் போர்வை எதற்கு என்று பக்கத்தில் போனாள். போர்வை லேசாக நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொண்டது. அருமைநாயகம் கண்ணை மட்டும் திறந்து, "சத்தம் போடாத தங்கம். இதுக இப்பதான் அசந்திருக்கு" என்றார்.

அவள் சத்தம் போடவில்லை. தூக்குவாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், தினமும் வைக்கிற இடம் அடுப்புக்கு இடதுபக்கம் காலியாகத்தான் இருந்தது என்றாலும்.

அருமைநாயகம் அந்த மில்லில் பஞ்சைப் பொதியாக அமுக்கும் பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். நின்றவர் என்றால் வேலை நேரத்தில் ஒரு நாள்கூட உட்காராதவர், தேக்குக்கட்டை மாதிரி தோளும், பஞ்சு ஒட்டிய புருவமும், தெருமுனையில் செருமினால் வீட்டில் உலை வைக்கலாம் என்கிற மாதிரியான தொண்டையும் உள்ளவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மில்லைப் பூட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த ஈசிசேரில் உட்கார்ந்தவர்தான். குளிக்க எழுந்தார், சாப்பிட எழுந்தார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் எழுந்து போனார், எல்லாம் முடிந்ததும் அதே நாற்காலியில் அதே பள்ளத்தில் வந்து அமர்ந்தார். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். முதல் வருஷம் தங்கபுஷ்பம் நயமாகக் கேட்டாள், என்னங்க செய்யுது என்று. இரண்டாம் வருஷம் சண்டை போட்டாள். மூன்றாம் வருஷம் அழுதாள். நாலாம் வருஷம் பாயை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் படுக்கப் போனாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் அவரிடத்தில் இருந்தார், அவள் அவளிடத்தில் இருந்தாள். தட்டை நீட்டும்போது ஒரு விளிம்பை அவளும் மறு விளிம்பை அவரும் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

சேதி பரவி ஊர் கூடியது. மில்லை இடிக்க வந்த ஜேசிபி டிரைவர் ஒருவருக்கு ஷூவுக்குள் ஏதோ பூச்சி இருந்து, கடித்ததே தெரியாமல், நாலு நாளில் பெருவிரல் கருத்து அழுகிப்போன கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் வாசற்படியைத் தாண்டவில்லை. மேல்நிலைப்பள்ளி விலங்கியல் வாத்தியார் மனோகரதாஸ் மட்டும் பூதக்கண்ணாடியோடு உள்ளே போய், அருமைநாயகத்தின் முழங்காலுக்கு முன்னால் குந்தியிருந்து ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து, எட்டுக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு ஆறு கண்தான், ரெண்டு ரெண்டாக மூணு ஜோடி, முதுகில் கவிழ்த்துப் போட்ட வயலின் மாதிரி ஒரு அடையாளம், சந்தேகமே இல்லை, இது தனிமைச் சிலந்தி என்றார். பெரிய விஷந்தான், ஆனால் சாது. யாரையும் தேடிப் போய்க் கடிக்காது. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் மாட்டி நசுங்கினால்தான் கடிக்கும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். பூச்சி பிடிக்க வலை கட்டாது, தான் ஒளிந்துகொள்ளத்தான் நூல் நூற்கும் என்றெல்லாம் சொன்னார்.

"அலமாரிக்குப் பின்னால, மடிச்சு வச்சு எடுக்காத துணிக்குள்ள, வருசக்கணக்கா அசைக்காத சாமானுக்கு அடியில இருக்கும். மனுசன் கை படாத இடந்தான் இதுக்கு வீடு" என்று முடித்தார்.

விஷம் என்றதும் சனங்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். பட்டினி என்றதும் உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் சொன்னது தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கேட்டது. வேலி ஓரம் நின்றிருந்தவளுக்கு, இத்தனை பேருக்கு முன்னால் தன் சேலை அவிழ்ந்துபோன மாதிரி இருந்தது. வேறு மில்லையோ குடோனையோ தேடாமல், ஊரில் பூட்டிக்கிடக்கிற இத்தனை வீடுகளையும் விட்டுவிட்டு, இந்தப் பூச்சிகள் கை படாத இடம் என்று தன் புருஷனையல்லவா கண்டுபிடித்து வந்திருக்கின்றன. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அதற்காக நிம்மதிப்படுவதா வருத்தப்படுவதா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மருந்தடிக்கலாம் என்றார்கள். மருந்து மனுஷனுக்குள்ளும் போகும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கம்பால் தட்டிவிடலாம் என்றார்கள். முந்நூறு கடியை எந்த உடம்பு தாங்கும் என்று அதையும் விட்டார்கள். இதற்குள் ஊரில் இன்னொன்று நடந்திருந்தது. வீட்டு வீட்டுக்கு அலமாரிச் சந்திலும் பழைய செருப்பிலும் அட்டைப்பெட்டியிலும் ஒன்றிரண்டாக இருந்த சிலந்திகளும் கிளம்பிவந்து அருமைநாயகத்திடம் சேர்ந்துவிட்டதால், பிள்ளைகள் இருக்கிற வீடுகளெல்லாம் சுத்தமாகிவிட்டன. பஞ்சாயத்துத் தலைவர் பரமதுரை இதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு, அக்கா, உங்க வீட்டுக்காரர் அசையாம இருக்கவரைக்கும் ஊருல ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது, அவருக்கு ஒரு இடைஞ்சலும் வராம பாத்துக்கிடுதது எங்க பொறுப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவளும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டாள். எதற்குக் கும்பிட்டோம் என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தாள்.

அப்படித்தான் இலவங்குறிச்சி தன்னை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது. வாசலில் துணிப்பந்தல் போட்டு வெயில் மறைத்தார்கள். பந்தல் காலில் 'சத்தம் போடாதீர்' என்று அட்டை கட்டினார்கள். பஸ் டிரைவரிடம் சொல்லி ஊருக்குள் ஹாரனை நிறுத்தினார்கள். சர்ச் மணியின் நாக்கில் துணி சுற்றினார்கள். அம்மன் கொடையை மேளமில்லாமல் நடத்தி, சாமியாடிகளைக் கால் சலங்கை இல்லாமல் ஆடச் சொன்னார்கள். மாவு மில்லை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டாமல் காதோடு காதாக வாழ்த்தினார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் அகப்பட்ட சிலந்தியைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் பஸ் ஏறி வந்து, வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அது தானாக நடந்து உள்ளே போவதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிப் போனார்கள். அதெல்லாம் ஒரு மாதத்துக்குள் பழகிப்போய், முன்னெல்லாம் எப்படித்தான் இந்தச் சத்தத்துக்குள் இருந்தோமோ என்று பேசிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள், மெதுவாக.

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்து நீள அகப்பையால் புருஷனுக்கு ஊட்டினாள். சோறு வாய்க்கிட்டே வரும்போது உதட்டோரத்தில் இருந்த சிலந்திகள் ஒதுங்கி வழிவிட்டன. தினமும் விடிந்ததும் அவை தாமாகவே இறங்கிச் சுவரோரம் போய்க் கூட்டமாக நின்றன. அவர் கொல்லைக்குப் போய், குளித்து, துணி மாற்றிவிட்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும். அந்த அரைமணி நேரத்தில் அவர் கிணற்றடியில் தனியாக, உடம்பில் ஒரு பூச்சி இல்லாமல் நிற்பதை அடுக்களை ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது. அதைத் தாண்டினால் சந்து, சந்தைத் தாண்டினால் ரோடு. அவர் ஏன் திரும்பி வருகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருடைய கழுத்து மடிப்பு, காது மடல், முழங்கையின் சொரசொரப்பு எல்லாவற்றையும் அந்தப் பூச்சிகள் தெரிந்துவைத்திருக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கு வந்தது பயமா பொறாமையா என்றும் விளங்கவில்லை. பூச்சிமேல் பொறாமைப்படுகிற பொம்பளை உலகத்தில் உண்டா என்று யாரிடம் போய்க் கேட்பது?

எதிர்த்த வீட்டில் சுயம்புலிங்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தான். நாற்பது வயது, கல்யாணமாகவில்லை, கூட இருந்த அம்மாவும் இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டாள். நாளெல்லாம் ரேடியோ பாடவிட்டு, தராசுத் தட்டை டங் டங்கென்று தட்டி, போகிற வருகிறவர்களையெல்லாம் வம்புக்கிழுத்துக்கொண்டே சாமான் கட்டுகிறவன். கடை நேர் எதிரில் இருந்ததால் முதலில் அவனைத்தான் அடக்கினார்கள். ரேடியோவை அணைத்தான். தராசுக்கு அடியில் சாக்கை விரித்தான். விலையைக் கேட்டால் விரலைக் காட்டினான். நாலைந்து வாரத்தில் விரலைக் காட்டுவதையும் விட்டு, ஸ்டூலில் சாய்ந்து, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி கண்ணால் சொல்ல ஆரம்பித்தான்.

ஒருநாள் காலையில் சாம்பார்ப் பொடி வாங்கப்போன தங்கபுஷ்பம், அவன் சட்டைத் தோளில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றவள், அவன் அசைந்தால் கடித்துவிடுமே என்று பயந்து சொல்லாமலே வந்துவிட்டாள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் குடத்தோடு வரிசையில் நின்ற மூன்று பெண்களின் முந்தானையில் பார்த்தாள். அதற்கு மறுநாள் பரமதுரையின் பிடரியில். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் ஒருத்தர் தொட்டுத் தட்டிவிட வேண்டும். சத்தத்தை விட்டதோடு சேர்த்து, தோளைத் தட்டிக் கூப்பிடுவதையும், முதுகில் அடித்துச் சிரிப்பதையும், பிள்ளையைக் காதைப் பிடித்து இழுப்பதையும் ஊர் எப்போது விட்டது என்று யாருக்கும் நினைவில்லை.

பிள்ளைகள் விரல்நீட்டிக் காட்டித் தெரிந்த பிறகு, அசைந்தால் கடிக்குமே என்று ஊரே உட்கார்ந்துவிட்டது. நாற்காலியிலும் கட்டிலிலும் வாசற்படியிலும் ஆளுக்கொரு மூலையில், மேலே நாலு சிலந்தி, ஐந்து சிலந்தியோடு, அசையாமல், ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டு. பிள்ளைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத அந்த உடம்புகளில் சிலந்திக்கு இடமில்லை. அவர்களுக்கு மத்தியானம் பசித்ததால் தங்கபுஷ்பமும் ஓடவேண்டியிருந்தது. ஆட்களற்ற தெருவில் தூக்குவாளியோடு வரும்போது, தான்தான் பிசகிப்போனோமோ, ஊரெல்லாம் செய்வதைச் செய்யாமல் இப்படி நடமாடுவது சரிதானா என்று அவளுக்குத் தலை சுற்றியது.

அப்படி ஒரு மத்தியானம் அவள் உள்ளே நுழைந்தபோது அருமைநாயகத்தின் சட்டையில் நீலக்கோடு தெரிந்தது. ஊரெங்கும் இடம் கிடைத்துவிட்டதால் அவர்மேல் இருந்தவை ஒவ்வொன்றாகப் போயிருந்தன. ஒரே ஒரு சிலந்தி மட்டும் வலது புறங்கையில், விரல் எலும்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணப்பார்த்து விட்டுவிட்டாள்.

"காலைல அதுக எறங்குதுல்லா. அப்பமே கொல்ல வழியா அப்படியே போயிருக்கலாம்லா? ஏன் திரும்பத் திரும்ப வந்து உக்காருதிய?"

அவர் புறங்கையிலிருந்த சிலந்தியைப் பார்த்தார். கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாதவரைப் போல இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே இப்போதுதான் தெரியவந்தவரைப் போல இருந்தார்.

"மில்லப் பூட்டுன அன்னைக்கு வந்தேன்லா. நீதான் கொஞ்சம் உக்காருங்கன்னு சொன்ன."

"நானா?"

"காப்பி போட்டுட்டு வாரேன், கொஞ்சம் உக்காருங்கன்ன. உக்காந்தேன். பெறவு சாப்பிடக் கூப்பிட்ட, குளிக்கக் கூப்பிட்ட, ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கூப்பிட்ட. எல்லாத்துக்கும் வந்தேன். அது முடிஞ்சா எங்க போகணும்னு யாரும் சொல்லல தங்கம். எனக்கும் தெரியல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கேலி பண்ணுகிறாரா, பழி போடுகிறாரா, உள்ளதைத்தான் சொல்லுகிறாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்பது வருஷம் அவள் தூங்காமல் கிடந்து கண்டுபிடித்து வைத்திருந்த காரணங்கள் எத்தனையோ இருந்தன. தன்மேல் வெறுப்பு, பிள்ளையில்லாத குறை, மண்டைக்குள் ஏதோ நரம்பு. அதில் ஒன்றுகூட இது இல்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கிறதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கிறதற்குள் கோபம் வந்தது, கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கையை நீட்டி அவருடைய வலது கையைச் சிலந்தியோடு சேர்த்து இறுகப் பிடித்துவிட்டாள்.

"எந்திரிங்க" என்றாள்.

"எங்க போக?"

"தெரியல. முதல்ல எந்திரிங்க."

அவர் எழுந்தார். இருவரும் வாசலுக்கு வந்து, பந்தலைத் தாண்டி, தெருவில் நடந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாததால் தெருவின் அந்தக் கோடிவரை போய், அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தார்கள். வாசற்படிகளிலும் ஜன்னல்களிலும் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். பரமதுரையின் மனைவி எழுந்துபோய்ப் புருஷனின் பிடரியில் கைவைத்ததை மட்டும் தங்கபுஷ்பம் பார்த்தாள். அவள் கை பட்டதும் சிலந்திகள் இறங்கி வாசலைப் பார்த்து நடந்தன.

அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உள்ளங்கையில் ஒரு கொப்புளம், சுற்றிலும் வெளுத்து, அதைச் சுற்றிச் சிவந்து, நடுவில் நீலம் பாரித்தது. ஐந்தாம் நாள் கருத்தது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அழுகின சதையை வெட்டியெடுத்து, இருபத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். அருமைநாயகம் அவளுக்குத் தலைவாரிவிட்டார், கோணலாக. இட்லி வாங்கப்போய் வழிதவறி இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தார். உட்காரும்படி நர்ஸ் சொன்னபோது, வேண்டாம் தாயி என்று பதறிவிட்டார். சில நேரம் அவள் காய்ச்சலில் அவரை யாரோ என்று நினைத்து, எங்க வீட்டுக்காரவியளப் பாத்தியளா என்று அவரிடமே கேட்டாள். பாத்தேன், வந்துக்கிட்டிருக்காவ என்று அவரும் சொன்னார்.

கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. சர்ச் மணியில் துணி இல்லை. தண்ணீர்த் தொட்டியில் சண்டை நடந்தது. பெண்டாட்டிமார் புருஷன்மாரையும், பிள்ளைகள் தாய்மாரையும், பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாரையும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்களாம். கடிபட்டவர்கள் ஒன்பது பேராம், எல்லோருக்கும் குணமாகிவருகிறதாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலு பேர் ஓடிவந்து சொன்னார்கள். அப்புறம் அந்தப் பூச்சிகளெல்லாம் எங்கே போயின என்று அவள் கேட்டாள். அவர்கள் திரும்பி அவள் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அவள் வீட்டு வாசலில் இருந்த பந்தல் எதிர்த்த வாசலுக்கு மாறியிருந்தது. அதே துணி, அதே கால், அதே அட்டை. சுயம்புலிங்கம் கடைக்குள் ஸ்டூலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்துக்குக் கீழே துணி என்று ஒன்று தெரியவில்லை. எழுப்பிவிட ஆளில்லாத ஒருத்தன் ஊரில் மிச்சமிருந்தான், அவ்வளவையும் அவன் வாங்கிக்கொண்டான். சோறு கொடுக்கிறோம் அக்கா, ஒரு குறையும் வைக்கலை என்று பின்னால் நின்ற பரமதுரை மெதுவாகச் சொன்னார். இந்தப் பக்கம் மட்டும் சத்தம் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்.

தங்கபுஷ்பத்துக்குத் திட்டத்தான் வாய் வந்தது. இவர்களைத் திட்டினால், இந்தப் பந்தலுக்கு அடியில் புருஷனை வைத்து இரண்டு மாதம் கும்பிடு வாங்கினவளும் அவள்தான். கையில் வலி ஆரம்பித்திருந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் இல்லை. துணிப்பையைத் தெருவில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், பந்தலுக்குள் குனிந்து போய்க்கொண்டிருந்தார். கூப்பிடுவதா கூடாதா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"சுயம்பு" என்று தெருமுனைவரைக்கும் கேட்கிற அந்தப் பழைய தொண்டையில் கூப்பிட்டார். "கடயப் பூட்டிட்டு வாரும்வே. டீ குடிக்கப் போவோம்."

கையை நீட்டி, சிலந்திகளுக்கு நடுவே தேடி, அவன் கை எது என்று கண்டுபிடித்துப் பிடித்தார்.

சுயம்புலிங்கத்தின் கண்கள் அவரைப் பார்த்தன, தெருவைப் பார்த்தன, மறுபடி அவரைப் பார்த்தன. "நானா அண்ணாச்சி?" என்றான். பிறகு எழுந்து நின்றான். புளியந்தோடு உதிர்கிற மாதிரி அவை பொலபொலவென்று உதிர்ந்து, தரையில் கால் ஊன்றி, ஒரு கணம் எந்தத் திசை என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடுமாறி, பிறகு வரிசை பிடித்து, கூட்டம் விலகிய வழியாக, புது நாலுவழி ரோட்டைப் பார்த்துப் போயின. அந்த ரோடு எதுவரை போகிறது என்று ஊரில் யாரும் இன்னும் போய்ப் பார்த்திருக்கவில்லை.

சுயம்புலிங்கம் சட்டைப்பையைத் தடவினான். இடுப்பைத் தடவினான். "சாவிய எங்க வச்சேன்?" என்றான். அருமைநாயகமும் கல்லாப்பெட்டிக்கு அடியில் குனிந்து தேடினார். தங்கபுஷ்பம் தூளிக் கையோடு உள்ளே போய், நல்ல கையால் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் கடித்ததா, கடித்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடித்ததா இல்லையா என்பது எப்படியும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.